முத்தமிட்டால் உப்புக் கரிக்கிறதா? சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோய்க்கு ஒரு தொலைக்காட்சி விளம்பரம்

29 பிப்ரவரி 2024: செம்பூர் வாசகர் ஒருவரின் கேள்வி

இன்று அரிய நோய்கள் நாளாம். என் அக்காள் மகளுக்குச் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்று ஏழாவது வயதில்தான் கண்டுபிடித்தார்கள். நுரையீரலையும் செரிமானத்தையும் தாக்கும் பரம்பரை நோய் அது. அதுவரை அந்தப் பெயரை எங்கள் குடும்பத்தில் ஒருவரும் கேட்டதில்லை. போலியோவுக்கும் காசநோய்க்கும் தொலைக்காட்சியில் எத்தனை விளம்பரங்கள் வந்தன! இந்த நோய்க்கு முப்பது நொடி ஒதுக்க ஏன் ஒருவருக்கும் மனம் வரவில்லை? மும்பையில் விளம்பரத் துறையில் இருக்கும் தமிழர்கள் பதில் சொல்லட்டும்.

29 பிப்ரவரி 2024, இரவு

நான் சொல்கிறேன். பத்தொன்பது ஆண்டுகளாக, ஹிந்தியில் எடுக்கப்படும் விளம்பரப் படங்களுக்குத் தமிழ் வசனம் எழுதுவதுதான் என் பிழைப்பு. என் தங்கை மகனுக்கும் இதே நோய்தான். ஆகவே இரண்டு பக்கத்திலிருந்தும் சொல்கிறேன்: இந்த நோய்க்குத் தொலைக்காட்சி விளம்பரம் வீண்.

போலியோ விளம்பரம் வென்றதற்குக் காரணம் அமிதாப் பச்சனின் குரல் மட்டும் அல்ல. அந்த விளம்பரம் முடியும் இடத்தில் ஒரு மேசை, ஒரு குளிர்ப்பெட்டி, சொட்டு மருந்துடன் ஒரு பெண் ஆகிய மூன்றும், குறிப்பிட்ட ஞாயிற்றுக்கிழமையில், தெருமுனையில் காத்திருந்தன. 2011 ஜனவரி 13 அன்று ஹௌராவில் பதிவானதுதான் இந்நாட்டில் இயற்கையான போலியோ வைரஸ் தாக்கிய கடைசி நோயாளி. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு ஒரு தாய் எழுந்து எங்கே போவாள்? இந்நோயைக் காட்டிக்கொடுக்கும் வியர்வைப் பரிசோதனையைச் செய்யும் இடங்கள் இவ்வளவு பெரிய நாட்டில் மிகச் சில. வெள்ளையரிடையே சுமார் 2,500 பிறப்புக்கு ஒன்று என்று கணக்கிடப்படும் இந்நோய்க்கு இந்தியாவில் சொல்லப்படும் மதிப்பீடுகள் 10,000 பிறப்புக்கு ஒன்று என்பதிலிருந்து 1,00,000-க்கு ஒன்று என்பது வரை பரந்து கிடக்கின்றன. எண்ணவே படாத நோய்க்கு எந்த அமைச்சகம் காசு ஒதுக்கும்? முதலில் மருத்துவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள், தொலைக்காட்சி அப்புறம்.

1 மார்ச் 2024

நேற்று எழுதியதைக் காலையில் படித்தபோது, சரக்கு விற்கும் ஆளின் திமிர் அதில் தெரிந்தது. எதையும் திருத்தவில்லை, அப்படியே கிடக்கட்டும்.

4 மார்ச் 2024

"உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு எப்படித் தெரிந்தது?" என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். அதைச் சொன்னால் என் முதல் பதிலின் பாதி அடிபட்டுப்போகும், இருந்தாலும் சொல்கிறேன்.

தங்கை வாக்கப்பட்டது எங்கள் அத்தை மகனுக்கு. வீடு தாராவியில், 90 அடிச் சாலைக்குப் பின்னால். பிள்ளை பிறந்து நான்கு மாதத்தில் இருமல் தொடங்கியது. பால் குடிப்பான், சோறு ஊட்டினால் போதும் என்றே சொல்லமாட்டான், ஆனால் உடம்பில் ஒட்டாது. தொட்டிலைச் சுற்றி எப்போதும் ஒரு நாற்றம். துணியைக் கழுவினால் எண்ணெய்ப் பிசுக்கு போகாது. காசநோய் விளம்பரம் ஒன்றுக்குத் தமிழ் வசனம் எழுதிய பெருமையில் நான் இருந்த காலம் அது. "இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா? உடனே பரிசோதியுங்கள்" என்ற என் வரியையே தங்கையிடம் ஒப்பித்தேன். அந்த வரியில் பிழை ஏதும் இல்லை. இந்த ஊருக்கு அது அவசியமான வரிதான். ஆனால் கைக்குழந்தைக்குச் சளியைக் காறித் துப்பத் தெரியாது, விழுங்கிவிடும். நாங்கள் போன மருத்துவர் மார்பு எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, கிருமி அகப்படாமலேயே காசநோய் மருந்தைத் தொடங்கிவிட்டார். ஆறு மாதம் கொடுத்தோம். இருமல் ஓயவில்லை, எடையும் ஏறவில்லை. அதற்குப் பிறகு டானிக், மந்திரித்த கயிறு, ஆட்டு ஈரல் சூப் என்று மேலும் இரண்டரை ஆண்டுகள் கழிந்தன.

கடைசியில் வேறொரு மருத்துவமனையில், பயிற்சி முடித்துச் சில மாதமே ஆன ஓர் இளம் பெண் மருத்துவர் பிள்ளையின் நகங்களைத் திருப்பிப் பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார், பிறகு அத்தையிடம் ஹிந்தியில் கேட்டார்: "இவனைக் கொஞ்சினால் நம்கீனாக இருக்கிறதா?" எங்கள் அத்தைக்குத் தெரிந்த நம்கீன் கடையில் பொட்டலமாகத் தொங்கும் மிக்சர்தான். "அந்த எழவெல்லாம் நாங்க வாங்கிக் குடுக்கதில்ல டாக்டர்" என்றார். நான் குறுக்கே புகுந்து, முத்தமிட்டால் உப்புக் கரிக்கிறதா என்றுதான் கேட்கிறார் என்று விளக்கினேன். அத்தை ஒரு கணம் என்னைப் பார்த்தார்.

"பெறந்த அன்னையிலருந்தே இவன் உப்புப் பிள்ளைல்லா. ஏன், ஒருத்தரும் கேக்கலையே."

மூன்று ஆண்டுகளாக அத்தைக்குத் தெரிந்திருக்கிறது. அது ஒரு நோய்க்குறி என்பது மட்டும் தெரியவில்லை.

4 மார்ச் 2024, சற்று நேரம் கழித்து

ஆகவே 29ஆம் தேதி எழுதியதில் ஒன்றைத் திரும்பப் பெறுகிறேன். மருத்துவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது சரி. ஆனால் மருத்துவர் கேட்க மறந்த கேள்விக்கான பதில் ஆச்சிகளிடம் இருக்கிறது, அந்த ஆச்சிகள் மாலை ஆறரைக்குத் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். நம் விளம்பரம் பேச வேண்டியது அவர்களிடம்.

17 மார்ச் 2024

குழந்தை மருத்துவர் ஒருவர் கோபமாகவே எழுதியிருக்கிறார். மும்பையில் மே மாதம் எந்தக் குழந்தையை முத்தமிட்டாலும் உப்புத்தான் கரிக்கும் என்றும், இப்படி ஒரு விளம்பரம் வந்தால் மறுநாள் தன் வாசலில் இருநூறு தாய்மார் நிற்பார்கள் என்றும், அவர்களில் ஒருத்தியின் பிள்ளைக்குக்கூட நோய் இருக்காது என்றும் சொல்கிறார். முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. மூன்று நாள் யோசித்தபின் அவர் சொல்வது நியாயம் என்று பட்டது. உப்பு மட்டும் போதாது. நன்றாகச் சாப்பிட்டும் எடை ஏறாமை, விடாத சளி, எண்ணெய்ப் பசையான மலம் ஆகியவற்றோடு சேர்ந்து வரும் உப்புதான் சந்தேகத்துக்குரியது.

எங்கள் தொழிலின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. முப்பது நொடிக்கு ஹிந்தியில் அறுபத்தைந்து சொல் எழுதலாம். நம் சொற்கள் நீளமானவை என்பதால் தமிழில் நாற்பத்தைந்தைத் தாண்டினால் குரல் கொடுப்பவர் மூச்சு வாங்குவார். மூச்சைப் பற்றிய விளம்பரத்தில் அது பொருத்தம் என்று வேண்டுமானால் சமாளிக்கலாம். அந்த நாற்பத்தைந்தில் நான்கு அறிகுறிகளைத் திணித்தால் ஒன்றும் மனத்தில் தங்காது. எதை வெட்டுவது?

மலத்தை வெட்டினேன், மனமில்லாமல்தான். கணையத்திலிருந்து வரும் செரிமான நொதிகள் கெட்டியான சுரப்பில் அடைபட்டுக் குடலுக்கு வந்து சேராததால், உண்ட கொழுப்பு அப்படியே வெளியே போகிறது. பிள்ளையைக் கழுவிவிடும் எவருக்கும் முதலில் தெரிவது இதுதான். ஆனால் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் அதைச் சொல்ல எந்தத் தொலைக்காட்சியும் விடாது. விளம்பர உலகில் மனித உடம்பிலிருந்து வெளிவரும் எதுவும் நீல நிறத் தண்ணீர்தான். டயபர் விளம்பரங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். எண்ணெய்ப் பிசுக்குக்கு நீல நிறத்தில் மாற்று இல்லை.

19 மார்ச் 2024

"உச்சி முகர்ந்தால் உப்புக் கரிக்கிறதா?" என்று ஒரு வரி எழுதி நண்பர்களுக்கு அனுப்பினேன். எழுதிய கையோடு எனக்கே மெய்சிலிர்த்தது. மாட்டுங்காவில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் ஒரே வரியில் பதில் அனுப்பினார்: "முகர்வது மூக்கு, கரிப்பது நாக்கு." வரி போயிற்று. அழகான வரிகள் இப்படித்தான் போகும். இப்போதைக்கு "முத்தமிட்டால்" என்பதே நிற்கிறது. சற்றுத் தட்டையாக இருந்தாலும் பொய் சொல்லாத வரி.

2 ஏப்ரல் 2024

கேள்வி கேட்ட செம்பூர் வாசகர், அமெரிக்கர்கள் இந்நோயை "65 ரோஜாக்கள்" என்று அழைத்து உலகறியச் செய்தார்களே, நாமும் அதை எடுத்துக்கொள்ளலாமே என்கிறார். கதை உண்மைதான். 1965-இல், மூன்று மகன்களுக்கும் இந்நோய் இருந்த மேரி வைஸ் என்ற தாய் நிதி கேட்டுத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். அதைக் கேட்ட நான்கு வயது மகன், நோயின் பெயரை "சிக்ஸ்டி ஃபைவ் ரோசஸ்" என்று காதில் வாங்கிக்கொண்டான். அந்தப் பிழையே அந்த நோயின் செல்லப்பெயராக நிலைத்துவிட்டது.

இதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். "அறுபத்தைந்து ரோஜாக்கள்" என்பதில் சிஸ்டிக்கும் இல்லை, ஃபைப்ரோசிஸும் இல்லை. தவிர, அறுபத்தைந்து என்ற எண்ணைக் கேட்டால் நம்மவர் மனத்தில் முதலில் வந்து நிற்பது ரோஜா அல்ல, சிக்கன்.

தமிழ்ப் பெயர் சூட்டலாமா என்றும் முயன்றேன். கலைச்சொல் வேட்டையில் ஒரு மாலை முழுதும் போனது. கிடைத்தவற்றைத் தங்கையிடம் படித்துக் காட்டினேன். "அண்ணே, ஆஸ்பத்திரியில சி.எஃப்.னு சொன்னாத்தான் வார்டு பாய்க்கே தெரியும்" என்றாள்.

இன்னொருவர், "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" பாணியில் தெருவெல்லாம் புதிர் போடலாம் என்கிறார். 2000-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் இருந்தவர்கள் அதை மறந்திருக்க முடியாது. தொழில்முறையில் நான் பொறாமைப்படும் விளம்பரங்களில் அது ஒன்று. ஆனால் புள்ளிராஜா என்ற பெயர் கொண்ட அசல் மனிதர்கள் அந்தப் பருவத்தை எப்படிக் கடந்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். எங்கள் பிள்ளையை வகுப்பில் இப்போதே "நமக்", அதாவது ஹிந்தியில் உப்பு, என்றுதான் கூப்பிடுகிறார்கள். அதைத் தெருவெங்கும் ஒட்டி வைக்க என்னால் ஆகாது.

3 ஏப்ரல் 2024

பெயரைப் பற்றி நேற்று எழுதிக்கொண்டிருந்தபோது தோன்றிய ஒன்றைத் தனியாகக் குறித்து வைக்கிறேன். ஆச்சி நோயின் பெயரை ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்? அவர் மருத்துவரிடம் போய் "சிஸ்டிக் ஃபைப்ரோசிஸா?" என்று கேட்டால், இணையத்தைப் படித்துவிட்டு வந்து உயிரை வாங்குகிறார்கள் என்று முகம் சுளிப்பார். "வியர்வைப் பரிசோதனை செய்யணுமா?" என்று கேட்டால், ஆம் அல்லது இல்லை என்று அவர் பதில் சொல்லியே ஆக வேண்டும். விளம்பரம் கற்றுக்கொடுக்க வேண்டியது நோயின் பெயரை அல்ல, பரிசோதனையின் பெயரை.

21 ஏப்ரல் 2024

செம்பூர் வாசகருக்கு இது பிடிக்கவில்லை. நோயின் பெயரையே சொல்லாத விழிப்புணர்வு என்ன விழிப்புணர்வு என்று கேட்கிறார். அமெரிக்காவில் பெயரைச் சொல்லித்தானே விளம்பரம் செய்கிறார்கள் என்கிறார்.

அங்கே வேலை வேறு. 2010-க்குள் அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி எடுக்கும் ஒரு சொட்டு ரத்தத்தில் இந்த நோய்க்கும் சோதித்துப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். அங்கே யாருடைய ஆச்சியும் நாக்கால் நோயைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஆகவே அவர்களுடைய விளம்பரம் ஆராய்ச்சிக்குப் பணம் கேட்கிறது. அதோடு, மருந்து நிறுவனங்கள் நேரடியாக மக்களிடமே விளம்பரம் செய்ய அனுமதிக்கும் நாடுகளில் அமெரிக்கா ஒன்று. 1997-இல் விதிகளைத் தளர்த்தியபின் அங்கே தொலைக்காட்சியில் மருந்து விளம்பரம் பெருகியது. நம் நாட்டிலோ, மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்தைப் பொதுமக்களிடம் விளம்பரப்படுத்த இடமில்லை. குணப்படுத்துவதாகப் பொய் சொல்லும் விளம்பரங்களுக்கு எதிராக 1954-இலேயே தனிச்சட்டம் போட்டார்கள். நல்ல ஏற்பாடுதான், ஆனால் இதன் பக்கவிளைவாக நோயைப் பற்றிப் பேசக் காசு வைத்திருக்கும் ஆள் இங்கே இல்லை. இந்நோய்க்கென 2019 அக்டோபரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மூன்று மருந்துக் கூட்டு மாத்திரையின் அன்றைய பட்டியல் விலை ஆண்டுக்குச் சுமார் 3,11,000 டாலர். அதை எங்கள் குடும்பத்தில் பெருக்கிப் பார்க்க யாருக்கும் துணிவு வரவில்லை.

காசில்லாமல் உள்ளே நுழைய ஒரு சந்து உண்டு. 2022 நவம்பரில் வந்த புதிய ஒளிபரப்பு வழிகாட்டு நெறிகளின்படி தொலைக்காட்சி நிறுவனங்கள் நாளொன்றுக்கு 30 நிமிடம் பொதுநலனுக்கான நிகழ்ச்சிகளை ஒளிபரப்ப வேண்டும். அவற்றுக்கான தலைப்புகளில் சுகாதாரமும் ஒன்று. 30 நொடி கேட்டு மூன்று நிறுவனங்களுக்கு எழுதினேன். ஒன்று மட்டும், படத்தின் தரம் போதாது என்று பதில் அனுப்பியது. படமே அப்போது எடுக்கவில்லை என்பது வேறு விஷயம்.

11 மே 2024

வெயில் கொளுத்துகிறது. பிள்ளை இன்று சந்தில் அரை மணி நேரம் கிரிக்கெட் ஆடிவிட்டு வந்தான். கறுப்புச் சட்டையின் முதுகில், காய்ந்த வியர்வை வெள்ளைக் கோடாக, மகாராஷ்டிரத்தின் எல்லையை வரைந்ததுபோல் படிந்திருந்தது. நெற்றியை விரலால் வழித்தால் பொடிப்பொடியாக உப்பு ஒட்டியது. தங்கை கேள்வி கேட்காமல் ஒரு தம்ளர் மோரில் தாராளமாக உப்பைப் போட்டுக் கலக்கி நீட்டினாள். சாதாரண உடம்பில், தோலுக்கு வந்து சேருமுன் வியர்வையிலுள்ள உப்பின் பெரும்பகுதியை வியர்வைக் குழாய் திரும்ப இழுத்துக்கொள்ளும். இவர்களுக்கு அந்தக் கதவு திறப்பதில்லை. உப்பெல்லாம் வெளியே போய்விடும்.

இந்த உண்மையையே வெயில்தான் காட்டிக்கொடுத்தது. 1948-இல் நியூயார்க்கில் அடித்த வெப்ப அலையில் சுருண்டு மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளில் இந்நோய் உள்ளவர்கள் அளவுக்கு மீறி இருந்தார்கள். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போன பால் டி சான்டாக்னீஸ் என்ற மருத்துவர், வியர்வையில்தான் கோளாறு என்பதை 1953-இல் நிறுவினார். 1959-இல் கிப்சனும் குக்கும் வகுத்த பரிசோதனைதான் இன்றும் நடப்பது. பிலோகார்பின் மருந்தைப் பஞ்சில் நனைத்து முன்கையில் கட்டி, மெல்லிய மின்சாரம் பாய்ச்சி வியர்க்க வைப்பார்கள். பிறகு அரை மணி நேரம் வியர்வையைச் சேகரித்துக் குளோரைடை அளப்பார்கள். லிட்டருக்கு 60 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் என்றால் நோய். எங்கள் பிள்ளைக்கு 102. குளிர்பதன அறையில் பிள்ளைக்கு வியர்க்கவில்லை என்று அன்று அத்தை தன் சேலை முந்தானையாலும் என் சட்டையாலும் அவனைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எங்கள் விளம்பரத்தை உள்ளூர்க் கேபிளில் போட ஏற்பாடு செய்திருந்தோம். மே 20 அன்று இங்கே வாக்குப்பதிவு என்பதால், அதுவரை இடமே இல்லை என்று கேபிள்காரர் கைவிரித்துவிட்டார். ஜூனில்தான்.

24 ஜூன் 2024

போட்டாயிற்று. தாராவி வட்டாரத்தில் மட்டும், மதியம் தமிழ்ப் படம் ஓடும்போது, நாளுக்கு நான்கு முறை வீதம் பத்து நாளுக்கு ஏற்பாடு.

படம் எப்படி இருந்தது என்று கேட்பவர்களுக்கு: முதல் மூன்று நொடிக்குத் திரையில் ஒன்றும் இல்லை, சத்தம் மட்டும், குழித்த உள்ளங்கையால் முதுகில் தட்டும் ஓசை. சளியை இளக்க இந்த வீடுகளில் காலையும் மாலையும் கேட்கும் ஓசை அது. விளம்பரம் வந்ததும் மக்கள் அடுப்படிக்குப் போய்விடுவார்கள். கண்ணைப் பிடிக்க முடியாது, காதைத்தான் பிடிக்க வேண்டும். பிறகு ஓர் ஆச்சியின் குரல்: "நல்லாத்தான் சாப்பிடுதான், உடம்புல ஒட்ட மாட்டேங்கு. சளி விட்டபாடில்ல. முத்தம் குடுத்தா உப்புக் கரிக்கி." குரல் எங்கள் அத்தையுடையது, ஒலிப்பதிவு என் கைப்பேசியில். கடைசியில் ஆண் குரல்: "மூன்றும் சேர்ந்திருந்தால், குழந்தை மருத்துவரிடம் வியர்வைப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்." செம்பூர் வாசகரின் மனம் நோகாமல் இருக்க, நோயின் பெயர் இரண்டு நொடி எழுத்தில் வந்துபோனது.

மொத்தம் பதினான்கு அழைப்புகள் வந்தன. இருவர், இது உப்புக் கலந்த பற்பசை விளம்பரம்தானே, பற்பசை எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். "உன் டூத்பேஸ்டில் உப்பு இருக்கிறதா?" என்று எத்தனை ஆண்டுகள் கேட்டுப் பழக்கியிருக்கிறோம், அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒருவர் தன் மகளுக்கு டப்பிங் வாய்ப்புக் கேட்டார்.

சிரிப்பு இத்தோடு முடிந்தது. ஐந்து பேர் கேட்ட கேள்வி இதுதான்: "அப்போ பிள்ளைக்குச் சாப்பாட்டுல உப்பை நிறுத்திரணுமா?" அவர்களில் ஒருத்தி கேட்கவில்லை, நிறுத்திவிட்டேன் என்று தகவலாகவே சொன்னாள், நான்கு நாளாக.

உப்பு அதிகம் என்று காதில் விழுந்தால் உப்பைக் குறைப்பதுதானே புத்தி? ரத்த அழுத்தத்துக்கு அப்படித்தானே சொல்லிக்கொடுத்திருக்கிறோம். ஆனால் இந்நோயுள்ள குழந்தைக்கு உப்பை நிறுத்துவது ஆபத்து. உடம்பிலிருந்து இடையறாது வெளியேறுவதை ஈடுகட்ட மற்றவர்களைவிடக் கூடுதலாகவே கொடுக்க வேண்டும். நாற்பத்தைந்து சொல்லில் எதை வெட்டுவது என்று மார்ச்சில் மலத்தைப் பற்றி அவ்வளவு யோசித்த நான், இதை யோசிக்கவே இல்லை. மறுநாளே விளம்பரத்தை நிறுத்தச் சொன்னேன். அந்தப் பெண்ணிடம் அன்று மாலையே நேரில் போய்ப் பேசினேன். பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறது. அதற்கு இருப்பது வெறும் சளி போலவும் தெரிகிறது. இருந்தாலும் அன்றிரவு எனக்குத் தூக்கம் இல்லை.

26 ஜூன் 2024

திருத்திய கடைசி வரி: "உப்பை நிறுத்தாதீர்கள். வியர்வைப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்." இரண்டு சொல் கூடியது. எடுத்தது ஆச்சியின் "நல்லாத்தான்" முதலிய இரண்டு. அத்தைக்குக் கோபம்.

8 ஜூலை 2024

இரண்டு விஷயங்கள், சுருக்கமாக ஒன்று, நீளமாக ஒன்று.

ஒரு சங்கத்தார் எங்கள் படத்தைப் பார்த்துவிட்டு, முடிவில் இந்நோயுள்ள குழந்தைகள் பத்துப் பேர் கைகோத்துச் சிரிப்பதாக ஒரு காட்சி சேர்த்தால் மனத்தைத் தொடும் என்றார்கள். மனத்தைத் தொடும், நுரையீரலையும் தொடும். ஒருவர் நெஞ்சில் குடியிருக்கும் சூடோமோனாஸ் போன்ற கிருமிகள் இன்னொருவருக்குத் தொற்றும் என்பதால், இவர்கள் ஒருவருக்கொருவர் ஆறடி தள்ளியே இருக்க வேண்டும். பெற்றோர் கூடும் கூட்டங்களுக்குக்கூட நாங்கள் பிள்ளைகளை அழைத்துப் போவதில்லை. அப்படி ஒரு படத்தைத் தொலைக்காட்சியில் யார் காட்டினாலும், காட்டியவருக்கு நோயைத் தெரியாது என்று அர்த்தம்.

அடுத்தது சொந்தத்தில் திருமணம். "அத்தை மகன், மாமன் மகள் என்று கட்டிக்கொள்வதால்தானே வருகிறது, அதை விளம்பரத்தில் அடித்துச் சொல்லுங்கள்" என்று மூன்று பேர் எழுதிவிட்டார்கள். நோய் வருவதற்கு, தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதுபட்ட மரபணு பிள்ளைக்கு வந்து சேர வேண்டும். இருவரும் அதைச் சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. ஒரே பாட்டனின் வழி வந்தவர்கள் ஒரே பழுதைச் சுமக்கும் சாத்தியம் கூடுதல் என்பது உண்மை. உறவே இல்லாத இருவருக்கும் இது நிகழ்கிறது என்பதும் உண்மை. ஐரோப்பாவில் யாரும் அத்தை மகனைத் தேடிப் போவதில்லை.

அந்தக் கல்யாணத்துக்கு நாள் பார்த்தவர்களில் நானும் ஒருவன். "சொந்தம் விட்டுப் போகக் கூடாது" என்று தங்கையிடம் பேசிச் சம்மதிக்க வைத்தது நான்தான். அதனால் இதைச் சொல்லத் தகுதியில்லை என்று ஒதுங்கவில்லை. யோசித்துத்தான் வேண்டாம் என்கிறேன். கல்யாணத்துக்கு முன் கேட்க வேண்டியவர்களுக்கு அது தனி விளம்பரம். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பார்ப்பவளிடம் அதைச் சொன்னால், அந்த வீட்டில் மீதிச் சண்டை முழுவதும் அவள் தலையில்தான் விடியும், பரிசோதனைக்கு யாரும் கிளம்பமாட்டார்கள்.

8 செப்டம்பர் 2024

இன்று உலக சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நாள். 1989-இல் இதே தேதியில்தான், டொரண்டோவில் லாப்-சீ சூய் குழுவினரும் மிச்சிகனில் ஃபிரான்சிஸ் காலின்ஸ் குழுவினரும் சேர்ந்து கண்டறிந்த மரபணுவைப் பற்றிய கட்டுரைகள் அச்சில் வந்தன.

முதல் பதிலில் "அந்தத் தாய் எங்கே போவாள்?" என்று கேட்டிருந்தேன். மும்பையைப் பொறுத்தவரை ஒரு பெயர் சொல்ல முடியும்: 2021-ஆம் ஆண்டின் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையில் குறிக்கப்பட்ட எட்டுச் சிறப்பு மையங்களில் பரேலில் உள்ள கே.இ.எம். மருத்துவமனையும் ஒன்று. 2022 முதல் இந்த மையங்களின் வழியாக ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி பெறும் ஏற்பாடும் இருக்கிறது. இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும், வீம்பில் விட்டுவிட்டேன்.

திருத்திய படம் ஆகஸ்டில் மீண்டும் ஓடியது. இம்முறை ஒன்பது அழைப்புகள். உப்பைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அவற்றில் ஒன்று, சயான் கோலிவாடாவிலிருந்து பேசிய ஓர் ஆச்சி. பேத்திக்கு இரண்டு வயது. மூன்று அறிகுறிகளையும் சொன்னபின் நான் கேட்காமலேயே நான்காவதையும் சொன்னார், நான் வெட்டிய அந்த நான்காவதை. மருமகளோடு போய் மருத்துவரிடம் "வியர்வைப் பரிசோதனை" என்ற இரண்டு சொல்லையும் சொல்லியிருக்கிறார். மருத்துவர் சிறிது நேரம் யோசித்துவிட்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தாராம்.

நேற்று மறுபடியும் அழைத்தார். எடுத்த வியர்வை அளவு போதவில்லையென்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். வியாழக்கிழமை மீண்டும் வரச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டிலிருந்து ஒரு கம்பளிப் போர்வை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன்.